நீலத்திரையைத் தடுப்பது எப்படி?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு, அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் தன் வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. 78 நிமிடங்களில், 10.57 மணிக்கு, அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையைக் காட்டி நின்றுவிட்டன என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. சென்னை உட்பட இந்திய விமான நிலையங்களில் வரிசை நீண்டது. பயணிகள் சிலருக்கு போர்டிங் பாஸைக் கையாலேயே எழுதிக் கொடுத்தார்கள். இண்டிகோ மட்டும் 200-ஐ நெருங்கும் எண்ணிக்கையில் விமானங்களை ரத்து செய்தது.

கிரவுட்ஸ்டிரைக்கின் மென்பொருள் பெரிய நிறுவனங்கள் பணம் கட்டி வாங்குவது. ரிஷிவந்தியம் கடைத்தெருவில் உள்ள ஜெராக்ஸ் கடைக் கணினியில் அது இருக்க வாய்ப்பில்லை. ஆனால் நீலத்திரை அங்கும் பழக்கமானதுதான். புது ஸ்கேனரைச் செருகியதும் கணினி அணைந்து மறுபடி எழும். வைஃபை டிரைவரை மாற்றிய மறுநாள் விண்டோஸ் திறக்காது. விமான நிலையத்தில் நடந்ததும் கடையில் நடப்பதும் ஒரே வகைக் கோளாறு. இரண்டுக்கும் மூலம் டிரைவர் என்ற மென்பொருள்.

டிரைவரின் வேலை

இ-சேவை மையக் கணினி ஒன்றில் என்னென்ன இணைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிரிண்டர், ஸ்கேனர், வெப்கேம், கைரேகைக் கருவி. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் வைஃபை, ஒலி, திரை, ஹார்ட் டிஸ்க். இவை ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முறையில்தான் கட்டளை வாங்கும். விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ அந்த முறைகள் எல்லாம் தெரிந்திருக்காது. கருவிக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று கட்டளையைக் கொண்டுபோய்ப் பதிலை வாங்கி வருவது டிரைவர்.

ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் டிரைவர் தனி. தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இப்படி இரண்டும் உள்ள கணினியில், ஒன்றில் ஓடும் பிரிண்டர் மற்றொன்றில் அசையாமல் கிடக்கலாம். பிரிண்டர் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்க வேண்டியதில்லை. அந்த இயங்குதளத்துக்கான டிரைவர் இல்லை, அவ்வளவுதான்.

ஒன்று விழுந்தால் எல்லாம் விழுவது ஏன்?

வேர்டு நின்றுபோனால் வேர்டு மட்டும் மூடுகிறது. டிரைவர் தவறினால் கணினியே நிற்கிறது. இரண்டும் வேறு வேறு இடத்தில் ஓடுவதுதான் காரணம். வேர்டு போன்ற செயலிகளுக்கு ஒதுக்கப்பட்ட நினைவகம் தனியானது. அதைச் சுற்றி வேலி போட்டது போல ஒரு தடுப்பு உண்டு. வேலியைத் தாண்டினால் இயங்குதளம் அந்தச் செயலியை மட்டும் நிறுத்திவிடும். டிரைவர்களில் பலவும் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு உள்ளேயே ஓடுகின்றன. அங்கே வேலி கிடையாது. ஸ்கேனர் டிரைவர் தவறான முகவரியில் எழுதினால், அது ஹார்ட் டிஸ்க்கின் கணக்கு இருக்கும் இடமாகவும் இருக்கலாம். மேலும் ஓடவிட்டால் கோப்புகள் கெடும் என்பதால் விண்டோஸ் தானே எல்லாவற்றையும் நிறுத்திக்கொள்கிறது. அந்த நிறுத்தத்தின் அறிவிப்புதான் நீலத்திரை. விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பில் 2025 முதல் அதன் நிறம் கறுப்பு.

டிரைவர்களின் பங்கு எவ்வளவு பெரியது என்பது இருபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பியில் பதிவான முடக்கங்களில் 85 சதவீதத்துக்கு டிரைவர்களே காரணம் என்று 2003-இல் ஒரு கணக்கு வந்தது. லினக்ஸ் கெர்னலின் மற்றப் பகுதிகளைவிட டிரைவர் பகுதியில் பிழை விகிதம் 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு 2001-இல் காட்டியது. கெர்னலை எழுதுவோருக்கு அதுவே முழுநேர வேலை. டிரைவரை எழுதுவது பெரும்பாலும் கருவி விற்கும் நிறுவனம். போதாக்குறைக்கு, டிரைவர் சந்திக்கும் சூழல்கள் எண்ணிலடங்கா. பாதி ஸ்கேனில் யாரோ கேபிளைப் பிடுங்குவார், அந்த நேரம் பார்த்துக் கணினி உறக்க நிலைக்குப் போகும். சோதனைக்கூடத்தில் இதெல்லாம் அதே வரிசையில் நடப்பது அரிது.

கிண்டி மாணவரின் பங்கு

இந்தச் சிக்கலுக்கு முக்கியமான ஒரு விடையைத் தந்தவர்களில் ஒருவர் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் ராஜாமணி. பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்று மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் சேர்ந்த அவர், பின்னாளில் அதன் பெங்களூரு ஆய்வகத்தின் தலைவரானார். தாமஸ் பாலுடன் சேர்ந்து 2000 வாக்கில் அவர் தொடங்கிய திட்டத்தின் பெயர் ஸ்லாம். டிரைவரை ஓட்டிப் பார்த்துப் பிழை தேடாமல், ஓட்டாமலேயே அதன் நிரலைப் படித்துப் பிழை உண்டா இல்லையா என்று கணித முறையில் நிறுவுவதே நோக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு. யு.எஸ்.பி. கருவி ஒன்றின் டிரைவர், பொதுவான ஒரு பட்டியலைத் தொடும் முன் அதைப் பூட்ட வேண்டும், வேலை முடிந்ததும் திறக்க வேண்டும். நிரல் இப்படிப் போகிறது: பூட்டு, கருவியிலிருந்து தகவலைப் படி, படிக்க முடியவில்லை என்றால் பிழைச் செய்தியோடு திரும்பு, படித்துவிட்டால் பட்டியலில் எழுது, பூட்டைத் திற. தவறு எங்கே என்று தெரிகிறதா? படிக்க முடியாமல் திரும்பும் வழியில் பூட்டைத் திறக்கவே இல்லை. அடுத்து அந்தப் பட்டியலைக் கேட்டு வரும் நிரல் காத்துக்கொண்டே இருக்கும், கணினி உறைந்துபோகும். கருவி ஒழுங்காக வேலை செய்யும்வரை ஆயிரம் முறை சோதித்தாலும் இந்தப் பிழை அகப்படாது.

ஸ்லாம் இதை எப்படிப் பிடிக்கிறது? நிரலில் உள்ள ஆயிரக்கணக்கான விவரங்களை ஒதுக்கிவிட்டு, ‘இப்போது பூட்டியிருக்கிறதா, இல்லையா’ என்ற ஒரே கேள்வியை மட்டும் வைத்துக்கொள்கிறது. அந்தச் சுருக்கத்தில் போகக்கூடிய எல்லா வழிகளிலும் போய்ப் பார்க்கிறது. பூட்டியபடியே வெளியேறும் வழி ஒன்று கிடைத்தால், மூல நிரலில் அது உண்மையிலேயே நடக்கக்கூடியதா என்று சரிபார்க்கிறது. நடக்காது என்றால் சுருக்கம் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று பொருள். இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டு மறுபடி தொடங்குகிறது. நடக்கும் என்றால், எந்த வரியிலிருந்து எந்த வரி வழியாகப் பிழை வருகிறது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறது.

இந்த ஆய்விலிருந்து பிறந்த ‘ஸ்டேட்டிக் டிரைவர் வெரிஃபயர்’ என்ற கருவியை, விண்டோஸுக்கு டிரைவர் எழுதுவோருக்கான தொகுப்பிலேயே மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. கணினிவழிச் சரிபார்ப்புத் துறையின் கேவ் விருது 2011-இல் ராஜாமணிக்கும் பாலுக்கும் கிடைத்தது. ஆனால் இந்தக் கருவிக்கு எல்லை உண்டு. கொடுத்த விதிகளை டிரைவர் மீறுகிறதா என்று மட்டுமே அது சொல்லும்.

21-ஆவது மதிப்பு

கிரவுட்ஸ்டிரைக் அந்த எல்லைக்கு வெளியே விழுந்தது. அதன் டிரைவர் மைக்ரோசாஃப்டின் சோதனையைக் கடந்து கையொப்பம் பெற்றதுதான். ஆனால் புதுப்புதுத் தாக்குதல்களை அடையாளம் காணும் விவரங்கள், டிரைவரை மாற்றாமல் தனிக் கோப்புகளாக அடிக்கடி வரும். ஜூலை 19-இல் வந்தது அப்படிப்பட்ட கோப்பு. ஒரு வகைப் பரிசோதனைக்கு 21 மதிப்புகள் என்று வரையறுத்திருந்தார்கள். டிரைவரில் இருந்த நிரல் கொடுத்ததோ 20. அதுவரை வந்த கோப்புகள் 21-ஆவது இடத்தில் எதுவானாலும் சரி என்று விட்டிருந்ததால் யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை. அன்று வந்த கோப்பு படிக்கச் சொன்னது. டிரைவர் பட்டியலின் எல்லையைத் தாண்டி, தனக்கு உரிமையில்லாத நினைவகத்தில் கை வைத்தது. நீலத்திரை வந்தது.

கணினி தொடங்கும்போதே ஏறும் டிரைவர் என்பதால், மறுபடி தொடங்கினாலும் அதே இடத்தில் விழுந்தது. பல இடங்களில் ஊழியர்கள் கணினி கணினியாகப் போய், சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியும் தேவைப்பட்டது.

நிரலைச் சரிபார்ப்பது அவசியம். ஆனால் அது மட்டும் போதாது என்பதே இதில் தெரிவது. பிழை எப்படியும் ஒருநாள் நுழையும். நுழையும்போது அது எங்கே நிற்கிறது என்பதுதான் சேதத்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

கெர்னலுக்கு வெளியே

வீடு முழுவதற்கும் ஒரே ஃபியூஸ் இருந்தால் மிக்ஸி ஷார்ட் ஆனாலும் வீடே இருட்டு. அறைக்கு ஓர் எம்.சி.பி. போட்டால் சமையலறை மட்டும் அணையும். டிரைவரைக் கெர்னலுக்கு வெளியே நிறுத்தும் முயற்சிகளின் அடிப்படை இதுதான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2003-இல் வெளியிட்ட நூக்ஸ் ஆய்வில், லினக்ஸ் டிரைவர்களைச் சுற்றிக் காவல் அமைத்து, வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்தினார்கள். லினக்ஸை வீழ்த்தியிருக்கக்கூடிய பிழைகளில் 99 சதவீதத்திலிருந்து கணினி தானே மீண்டது. ஆண்ட்ரூ டனன்பாமின் மினிக்ஸ் 3 இயங்குதளம் டிரைவர்களைச் சாதாரணச் செயலிகளைப் போலவே வெளியே ஓட்டி, விழுந்ததைத் தானே மறுபடி தொடங்குகிறது.

விண்டோஸும் விஸ்டா காலத்திலிருந்து யு.எஸ்.பி. கருவிகள் பலவற்றின் டிரைவர்களை வெளியே ஓட்ட வழி செய்தது. சில சமயம் திரை ஓரிரு நொடி கறுத்து, திரை டிரைவர் நின்று மீண்டுவிட்டது என்ற செய்தியோடு திரும்பி வருமே, அதுவும் அப்போது வந்த ஏற்பாடுதான். முன்பு அது முழு முடக்கமாக இருந்திருக்கும்.

இதற்கு விலை வேகம். கெர்னலுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு முறை தாண்டுவதற்கும் நேரம் செலவாகும். கைரேகைக் கருவிக்கு அது பொருட்டல்ல. வேகமான நெட்வொர்க் அட்டைக்குப் பொருட்டுதான். அதனால் சில டிரைவர்கள் உள்ளேதான் இருக்கும். அவற்றைப் பாதுகாப்பான மொழியில் எழுதுவது இன்னொரு வழி. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1, சி மொழியோடு ரஸ்ட் மொழிக்கும் இடம் கொடுத்தது. நினைவகத்தைத் தவறாகக் கையாளும் பிழைகளில் பெரும்பகுதியை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போதே ரஸ்ட் மறுத்துவிடும். தர்க்கப் பிழையை அதுவும் தடுக்காது. கிரவுட்ஸ்டிரைக் சம்பவத்துக்குப் பின், பாதுகாப்பு மென்பொருள்களையே கெர்னலுக்கு வெளியே கொண்டுவரும் பணியை மைக்ரோசாஃப்ட் தொடங்கியிருக்கிறது.

கடையில் செய்யக்கூடியது

டிரைவரைக் கருவி நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தோ விண்டோஸ் அப்டேட்டிலிருந்தோ மட்டும் எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் இலவச மென்பொருள்கள் வேண்டாம். புது டிரைவர் போடும் முன் ஒரு ரெஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். ஒரே நாளில் இரண்டு டிரைவர்களை மாற்றாதீர்கள். எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். நீலத்திரை வந்தால் அதைக் கைபேசியில் படம் எடுங்கள். அதில் கோப்பின் பெயர் இருந்தால், எந்தக் கருவியின் டிரைவர் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். சேஃப் மோடில் போய், டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவரை முந்தைய பதிப்புக்கு மாற்றலாம். பிட்லாக்கர் சாவியைத் தாளில் எழுதிக் கணினிக்கு வெளியே வையுங்கள். இத்தனைக்குப் பிறகும் விழுந்தால் ரேமையும் மின்சாரத்தையும் சோதியுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் யு.பி.எஸ். இல்லாத கணினி விழுந்தால் டிரைவர் மேல் பழி போட முடியாது.

மொத்தமாகக் கருவி வாங்கும் அரசுத் துறைகளுக்குப் பொறுப்பு இன்னும் அதிகம். கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்துச் சான்றிதழுக்கு வருபவருக்கு, கணினி விழுந்தால் ஒருநாள் கூலி போகிறது. கைரேகைக் கருவிக்கும் ஸ்கேனருக்கும் டெண்டர் விடும்போது விலை, உத்தரவாதம் இரண்டோடு மூன்று கேள்விகள் சேரட்டும். இதன் டிரைவர் கெர்னலுக்கு உள்ளே ஓடுகிறதா, வெளியேவா? எத்தனை ஆண்டு அதைப் புதுப்பித்துத் தருவீர்கள்? புதுப்பிப்பை முதலில் சில மையங்களில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்புவீர்களா? ஜூலை 19 கோப்பைப் படிப்படியாக அனுப்பியிருந்தால் 85 லட்சம் கணினிகள் விழுந்திருக்காது. கிரவுட்ஸ்டிரைக்கும் அதற்குப் பின் அந்த முறைக்குத்தான் மாறியது.