மேய்ப்பவரா, மேய்பவரா?

பிழைப்பை நாடி விந்தியத்துக்கு வடக்கே வந்து சேரும் தமிழ்க் குடும்பத்துக்கு முதல் ஆண்டில் உறவென்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. மொழி பிடிபடாது, கடைக்காரரிடம் கடன் சொல்ல இயலாது, நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியாது. அந்நிலையில், ஒரு ஞாயிறு காலையில் எங்கிருந்தோ தமிழ்ப் பாட்டு ஒலி காதில் விழுந்தால் கிறிஸ்தவக் குடும்பத்தாரின் கால்கள் தாமே அத்திசை நோக்கி நடக்கும். சபை நமக்கு வழிபடும் இடம் மட்டுமன்று, தாய்வீடும் அதுவே. ஆதலால்தான் அங்கு நேரும் கொடுமை, வேறெங்கும் நேர்வதைவிட ஆழமாய்த் தைக்கிறது. விட்டு வெளியேறுவதும் கடினமாகிறது.

இதனை நாம் ஏட்டில் படித்து எழுதவில்லை. மூன்றாண்டுக் காலம் உள்ளே இருந்து மீண்டவர் நாம். அச்சபையின் பெயரும் போதகரின் பெயரும் இங்கு வேண்டுவதில்லை. பழி தீர்ப்பது நம் நோக்கமன்று. இன்னும் உள்ளே இருப்பவர் ஒருவருக்கேனும் வாசல் தெரியவேண்டும் என்பதே நோக்கம்.

தேனாகத் தொடங்கியது

நாம் மாற்றலாகி இந்நகருக்கு வந்தபோது வீடு பார்த்துக் கொடுத்தவர்கள் அச்சபையார். சாமான்கள் வந்து சேரும்வரை வேளைக்கொரு வீட்டிலிருந்து சோறு வந்தது. அந்த அன்பு பொய்யென்று இன்றும் நாம் சொல்லமாட்டோம். சோறு கொண்டுவந்த தாய்மார் மெய்யாகவே நல்லவர்கள், நம்மைப்போலவே கட்டுண்டவர்கள்.

பிறகு ஒவ்வொரு கயிறாக விழுந்தது. தசமபாகம் கொடுத்தோர் பெயரும் கொடாதோர் பெயரும் ஆராதனையில் வாசிக்கப்பட்டன. சம்பளச் சீட்டைக் காட்டும்படி கேட்டார்கள், காட்டினோம். தம்பி திருமணத்துக்கு ஊர் செல்ல விடுப்புப் பெற்றிருந்தோம், அவ்வாரம் உபவாச ஜெபம் இருப்பதால் போகலாகாது என்று போதகர் விலக்கினார், போகவில்லை. அலுவலகத்தில் மேலதிகாரியிடம் பெற்ற விடுப்பை, அதிகாரமே இல்லாத ஒருவர் சொற்கேட்டு வீணாக்கினோம். நம் அன்னையார் அதனை நினைத்து இன்றும் கண் கலங்குகிறார்.

அடுத்துப் போதகரின் கை மருந்துப் பெட்டிக்கு நீண்டது. நம் மனைவி நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர். சுகம் கிடைத்ததென்று சபைமுன் சாட்சி சொல்லியபின் மாத்திரை உண்பது அவிசுவாசம் என்றார் போதகர். மனைவி நிறுத்தினார், நாமும் தடுக்கவில்லை. சில வாரங்களில் சமையலறையில் மயங்கி விழுந்தவரை மருத்துவமனையில் சேர்த்துப் பிழைக்க வைத்தோம். அதற்கும் போதகர் கூறிய காரணம், அவரது விசுவாசம் குறைவு என்பதே. மருந்தை நிறுத்தச் சொன்னவர்மீது ஒரு சொல்லும் விழவில்லை.

அதன்பிறகே நாம் முதன்முறையாக ஒரு கேள்வி கேட்டோம். அதுவும் பெரிய கேள்வியன்று. கட்டட நிதிக்கு இரண்டாண்டாகப் பணம் தருகிறோமே, கணக்கைக் காணலாமா என்றோம். அடுத்த ஞாயிறு, மோசேயை எதிர்த்த கோராகைப் பூமி விழுங்கிய வரலாறு பிரசங்கமாயிற்று. கண்கள் யாவும் நம்மேல் இருந்தன. மாலையில் இரண்டு மூப்பர்கள் வீட்டுக்கு வந்து, சபையை விட்டுப் போனால் உங்கள் பிள்ளைக்குக் கேடு வரும் எனத் தீர்க்கதரிசனம் உண்டானதாகச் சொல்லிச் சென்றார்கள். அவ்வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு வயதுக் குழந்தை. பருவமழைக் காலத்தில் தெருவெங்கும் காய்ச்சல் இருந்தது என்பதை நம் அறிவு அறியும், நெஞ்சு கேட்கவில்லை. அந்த அச்சத்திலேயே மேலும் எட்டு மாதம் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

புகழ் பெற்றோரும் விலக்கல்லர்

இது ஏதோ ஓர் வாடகைக் கூடத்தில் நடக்கும் சிறுமை என்று எண்ணற்க. ரவி சக்கரியாஸ் என்பார் 1946ஆம் ஆண்டு சென்னையில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர்; பின்னர்க் கனடா சென்று, 1984ஆம் ஆண்டு ஓர் ஊழிய நிறுவனம் தொடங்கி, உலகெங்கும் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடியவர். நம் நாட்டிலும் அவர் நூலைப் போற்றாத கிறிஸ்தவப் படிப்பாளிகள் குறைவு. 2020ஆம் ஆண்டு மே மாதம் அவர் காலமானபின், உடல் பிடித்துவிடும் சிகிச்சைத் தொழில் புரிந்த பெண்கள் அவர்மீது குற்றம் கூறினர். அவரது நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர்கள் விசாரித்து, 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டனர். பல பெண்களிடம் அவர் தகாத முறையில் நடந்தார் என்பது அதில் வெளியாயிற்று. மனிதநேய உதவிக்கென வைத்த நிதியிலிருந்து அத்தொழில் புரிந்த பெண்கள் சிலருக்குப் பணம் சென்றதும் தெரிந்தது. ஒரு பெண் கூறியது நெஞ்சை உலுக்குவது: நடந்ததற்காகத் தம்மோடு சேர்ந்து கடவுளுக்கு நன்றி செலுத்த வைத்தாராம், வெளியே சொன்னால், தம் பெயர் கெட்டு இலட்சக்கணக்கான ஆத்துமாக்கள் கெட்டுப்போகும் பழி உன்னைச் சேரும் என்று எச்சரித்தாராம்.

இரு மூப்பர்கள் நம் வீட்டு வாசலில் சொன்னதும் இதுவே அன்றோ? கொடுமை செய்தவரின் சுமையைக் கொடுமைப்பட்டவரின் தோளில் ஏற்றி, அதன்மேல் கடவுளின் முத்திரையைக் குத்துவது. 2017ஆம் ஆண்டிலேயே ஒரு குற்றச்சாட்டு எழுந்தபோது நிறுவனத்தார் தலைவரையே நம்பினர். தவறினோம் என்று 2021இல் மன்னிப்புக் கேட்டனர். பேச்சாற்றலும் வேத அறிவும் ஒருவரது நேர்மைக்குப் பிணையாகமாட்டா.

இக்கயிறு இறுகினால் எங்கே போய் முடியும் என்பதற்கும் சான்று உண்டு. ஜிம் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் போதகர் தம் சபையாரைத் தென் அமெரிக்கக் கயானா நாட்டுக் காட்டுக்கு அழைத்துச் சென்று, அவர்களுடைய கடவுச்சீட்டுகளைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். 1978ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் குழந்தைகள் உட்பட 900க்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். கென்யாவின் ஷகஹோலாக் காட்டில், உண்ணாமல் இறந்தால் இயேசுவைக் காணலாம் என்னும் போதனைக்குப் பலியானோர் உடல்கள் 400க்கு மேல் 2023ஆம் ஆண்டு முதல் தோண்டி எடுக்கப்பட்டன. எல்லாச் சபையும் இவ்வாறு முடியும் என்பதன்று. வெளி உலகத்தோடு உறவு அறுவதே இரண்டிடத்தும் முதற்படி என்பதைக் காண்க.

நமக்காக எழுதிய சங்கீதம்

நம் கட்டை அவிழ்த்தவர் ஊரிலுள்ள முதிய ஐயர் ஒருவர். நமக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். தொலைபேசியில் யாவும் சொன்னோம். அபிஷேகம் பெற்றவரைத் தொடலாகாது என்று வேதம் சொல்கிறதே, கேள்வி கேட்டது பாவமா என்றோம். அவர் சிரித்து, 105ஆம் சங்கீதத்தை மேலிருந்து படிக்கச் சொன்னார்.

படித்தோம். அவ்வசனம் போதகரைக் காக்கும் வேலியன்று. கொஞ்சப் பேராய், சொந்த நிலமின்றி, தேசம் விட்டுத் தேசம் அலைந்த ஆபிரகாமின் குடும்பத்தைப் பற்றியது. அதிகாரமுடைய அரசர் அந்தப் பரதேசிகளுக்குத் தீங்கு செய்யாதபடி கடவுள் அவ்வரசரைக் கடிந்துகொண்டார் என்பதே அங்குள்ள செய்தி. பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்த நம்மைக் காக்க எழுதியதை, நம்மை மிரட்டுவதற்கே இத்தனை நாள் பயன்படுத்தினார்கள். அன்றிரவு நாம் அழுதோம். அச்சம் பாதி அழுகையோடு போயிற்று.

பவுலின் போதனையையே வேதத்தோடு ஒப்பிட்டு நாள்தோறும் சோதித்த பெரோயா ஊராரை அப்போஸ்தலர் நடபடிகள் நற்குணசாலிகள் எனப் புகழ்கிறது. மந்தையை மேய்க்காமல் தம்மையே மேய்க்கும் மேய்ப்பரை எசேக்கியேல் 34ஆம் அதிகாரம் சாடுகிறது. கேட்பது கலகமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அடையாளமும் வழியும்

நல்ல சபையையும் தீய சபையையும் பிரித்தறிய நாம் கண்ட சோதனைகள் நான்கு. கணக்குக் கேட்டால் ஏட்டை எடுத்து வைக்கிறார்களா, சாபத்தை எடுத்து வைக்கிறார்களா? நோயென்றால் ஜெபித்து மருத்துவரிடம் அனுப்புகிறார்களா, மருத்துவரை விலக்குகிறார்களா? ஊருக்கும் உறவினரிடத்துக்கும் போய்வரச் சொல்கிறார்களா, தடுக்கிறார்களா? விட்டுப் போனவரைப் பற்றி நல்ல சொல் ஒன்றேனும் அங்கே வழங்குகிறதா? முதற்சோதனைகளில் தேறிய சபையும் நான்காவதில் தவறுவதுண்டு. தேறும் சபைகளும் போதகர்களும் எத்தனையோ. அவர்களுக்கு இக்கட்டுரையால் குறையொன்றும் இல்லை.

வெளியேற எண்ணுவோர்க்குச் சில சொற்கள். மருந்தை ஒருநாளும் நிறுத்த வேண்டா. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றை உம் வீட்டிலேயே வைத்துக்கொள்க. வெற்றுத் தாளில் கையெழுத்திடற்க. சபைக்கு வெளியே உள்ள ஒருவரிடம், உடன்பிறந்தாரோ நண்பரோ, முழுவதையும் சொல்லிவிடுக. சொல்லாதவரையில்தான் அச்சத்துக்கு வலிமை. ஞானஸ்நான, திருமணச் சான்றுகளின் நகலை முன்னரே பெற்றுக்கொள்க. பிறகு வாதாடாமல் நின்றுவிடுக. விளக்கம் சொல்லப் போனால் மீண்டும் உட்கார வைப்பார்கள். ஒருவரிக் கடிதம் போதும்.

குற்றம் நடந்திருந்தால் அது சபை விவகாரமன்று. சிறாரிடம் பாலியல் கொடுமை நடந்ததை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காதிருப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது, மூப்பர்களுக்கும் விலக்கில்லை. சிறாருக்கு 1098, மகளிருக்கு 181, அவசரத்துக்கு 112 என்னும் எண்கள் உள்ளன. வெளியே வந்தபின்னும் உறக்கமின்மையும் நடுக்கமும் தொடரலாம், நமக்கும் தொடர்ந்தன. 14416 என்னும் அரசு மனநல உதவி எண்ணில் பேசலாம். அது விசுவாசக் குறைவன்று.

சங்கத்து அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளியேறும் குடும்பம் ஒரே நாளில் உறவு யாவும் இழக்கிறது. சந்தையில் எதிர்ப்பட்டவர் முகம் திருப்பிக்கொள்வதை நாம் பட்டிருக்கிறோம். அத்தகையோரை மதம் பாராது பொங்கல் விழாவுக்கு அழையுங்கள். வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வெளியே ஒரு கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் உள்ளே இருப்பவர் எழுந்து நிற்பார்.

சென்ற மாதம் அச்சபையிலிருந்து ஓர் அம்மையார் இருட்டிய பிறகு நம் வீட்டுக்கு வந்தார். முதல் ஆண்டில் நமக்குச் சோறு கொண்டுவந்தவர். உபதேசம் பற்றியோ கணக்குப் பற்றியோ அவர் கேட்கவில்லை. “நீங்கள் வெளியே வந்த பிறகு பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையா, தம்பி?” என்று மட்டும் கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை. உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளையைக் கூப்பிட்டோம். நான்காம் வகுப்பு; முன்பல் இரண்டு விழுந்து முளைத்திருக்கிறது. அம்மையார் நெடுநேரம் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.