பெயரை நீக்கியது யார்? கணனிக்கும் வேண்டும் ஒரு சம்பவத் திரட்டு

பாடசாலை அதிபரிடம் சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்று இருக்கும். இன்ன திகதி, இன்னார் வந்தார், இன்னது நடந்தது என்று அதில் எழுதி வைப்பார்கள். கணனி மென்பொருளுக்கும் இத்தகைய திரட்டு ஒன்று அவசியம். அதை எழுதுவதற்கென்றே கருவிகள் உள்ளன.

இடம்பெயர்ந்த நமக்கு இதில் என்ன அக்கறை? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், முகாம்கள், காணாமற்போனோர், உதவிகள் பற்றிய விபரங்களைப் பேணுவதற்காக இலங்கைத் தொண்டர்கள் ‘சஹானா’ என்னும் இலவச மென்பொருளை உருவாக்கினார்கள். 2010இல் ஹெய்ட்டி பூமியதிர்ச்சியின்போதும் அது பயன்பட்டது. இத்தகைய பட்டியலில் நேற்றிருந்த நம் பெயர் இன்று இல்லையென்றால், அது பதியப்படவே இல்லையா, எவரேனும் நீக்கினாரா? விடை திரட்டில்தான் கிடைக்கும்.

ஆகவே, நமது சங்கம் கணனிப் பதிவைத் தொடங்குமானால், திரட்டுக் கருவியைத் தெரிவு செய்யுமுன் இவற்றைக் கேட்போம்:

1. யார், எப்போது, எதை மாற்றினார், முன்பு என்ன இருந்தது என்பவற்றை எழுதுமா? பட்டியலைத் திருத்துபவரே திரட்டையும் அழிக்கக் கூடாது.

2. பிழை, எச்சரிக்கை, சாதாரண தகவல் என்று தரம் பிரிக்குமா? நெல்லும் பதரும் கலந்து கிடந்தால் தேடுவது கடினம்.

3. பழைய பதிவுகளைத் திகதிவாரியாக ஒதுக்கி வைக்குமா? இல்லாவிடில் கணனியில் இடம் நிரம்பிவிடும். வெள்ளம் வரும் பிரதேசம் நம்முடையது. பிரதியொன்று வேறிடத்திலும் இருக்கட்டும்.

4. அடையாள அட்டை இலக்கம், கடவுச்சொல் ஆகியவற்றை எழுதாமல் விடச் செய்யலாமா? குடும்பப் பதிவிலக்கம் மட்டும் போதும்.

5. தொடர்ந்து பராமரிக்கப்படுகிறதா? உலகெங்கும் பாவிக்கப்படும் ‘லொக்4ஜே’ என்ற திரட்டுக் கருவியில் 2021 டிசம்பரில் பெரும் ஓட்டை வெளிப்பட்டது. அந்நியர் அனுப்பிய ஒரு வரியைத் திரட்டில் எழுதப்போய், அவர்களுடைய கட்டளையையே கணனி நிறைவேற்றியது. திருத்திய பதிப்பை உடனே போட்டவர்கள் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டார்கள்.

எவ்வளவு நல்ல கருவியானாலும், அலுவலகத்தில் எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பாவித்தால் திரட்டில் ஒரே பெயர்தான் இருக்கும். ஆளுக்கொரு கடவுச்சொல் அவசியம்.

அரச அலுவலகப் பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் விண்ணப்பிப்போம். “என் பெயர் எங்கே?” என்பதோடு, “அதை எப்போது, யார் மாற்றினார்?” என்றும் கேட்போம்.