கம்பளிக் கள்ளியும் கைநழுவிய இலாபமும்

பிரதான சாமானுடன் பக்கத்தில் ஒரு புதுச் சாமானையும் வைத்துப் பார்ப்பது எமது வியாபாரிகளின் வழக்கம். பரிசுப்பொருட் கடை நடத்தும் நானும் 2018 ஆம் ஆண்டு அப்படி ஒன்றை இறக்கினேன். அதுதான் கம்பளிக் கள்ளி. தூண் போல நிமிர்ந்து, உடல் முழுதும் வெள்ளை முடி போர்த்தி நிற்கும் செடி.

சாடி ஒன்று 650 ரூபா வீதம் 24 சாடிகள் எடுத்தேன். குளிரூட்டி ஓடும் கடையின் உள்ளே, கண்ணாடி அலுமாரியில் அடுக்கினேன். இடம் போதாமல் மூன்றை மட்டும் தெருப்பக்க யன்னலில் வைத்தேன். 1,200 ரூபா வீதம் 13 சாடிகள் மூன்று வாரங்களில் போயின. முதல் திரும்பிவிட்டது, மீதி இலாபம் என்று மகிழ்ந்தேன்.

இரண்டாம் மாதம் ஒரு வாடிக்கையாளர் வந்தார். "நாநா, மேலால பார்க்க நல்லாத்தான் இருந்திச்சு. தூக்கினேன், கையோட வந்திட்டு" என்றார். அடித்தண்டு அழுகியிருந்தது. அடுத்தடுத்து ஒன்பது பேர் வந்தனர். ஒன்பது பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அலுமாரியில் எஞ்சிய எட்டும் அழுகின. கணக்குப் பார்த்தபோது நட்டம் 10,800 ரூபா. யன்னலில் இருந்த மூன்று மட்டும் உயிரோடு நின்றன. ஏன் என்று தேடியபோதுதான் நான் விற்ற சாமானை நான் அறிந்திருக்கவில்லை என்பது புரிந்தது.

கம்பளிக் கள்ளிகளில் பெயர்பெற்றவை இரண்டு. 'செபலோசீரியஸ் செனிலிஸ்' மெக்ஸிகோவின் சுண்ணாம்புக்கல் சரிவுகளில் வளர்வது. 'எஸ்பொஸ்டோவா லனாட்டா' பெரு, எக்குவடோர் மலைநாடுகளுக்குரியது. இவற்றின் முடி அலங்காரமல்ல. கொளுத்தும் வெயிலுக்குச் செடி பிடித்திருக்கும் குடை அது. குடை பிடிக்குமளவு வெயில் காணும் செடியைத்தான் நான் இருட்டு அலுமாரியில் வைத்துத் தினமும் தண்ணீர் தெளித்தேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இலைச்செடி வாடினால் கண்ணுக்குத் தெரியும். இதன் முடியோ எப்போதும் காய்ந்தே தோன்றும். அதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவோம். உள்ளே வேர் அழுகிக்கொண்டிருக்கும்.

வீட்டிலோ கடையிலோ வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை சில. சில மணிநேரமாவது நேரடி வெயில் படும் யன்னலோரம் வேண்டும். நிழலில் இருந்த செடியைப் படிப்படியாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். அடியில் துளையுள்ள சிறிய மண்சாடியே நல்லது. கலவையில் பாதிக்கு மேல் பருமணலும் சிறுகல்லும் இருக்கட்டும். ஓர் ஈர்க்கிலை அடிவரை குத்தி எடுங்கள். ஈரமண் ஒட்டாமல் வந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றி, முழுதும் வடிய விடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் குறையுங்கள். முடியில் தண்ணீர் படக்கூடாது. வெள்ளை மாவுப்பூச்சி வெள்ளை முடிக்குள் ஒளிந்துகொள்ளும். கண்டால் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுங்கள். முடிக்குள் முள்ளும் உண்டு. சிறுபிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

இவ்வியாபாரத்தில் இறங்க எண்ணுவோருக்கும் ஒரு சொல். வாங்கும்போது தண்டின் அடியை மெதுவாக அழுத்திப் பாருங்கள். மெத்தென்றிருந்தால் விட்டுவிடுங்கள். பயணப்பையில் யாரோ கொண்டுவந்த செடிகளைத் தொடாதீர்கள். கள்ளிக் குடும்பத்தின் சர்வதேச வர்த்தகம் 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க தாவரப் பாதுகாப்புச் சட்டமும் செடி இறக்குமதியைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளூர் நாற்றுமேடையில் விதையிலிருந்து வளர்த்த செடியே பாதுகாப்பானது.

இன்றும் நான் கம்பளிக் கள்ளி விற்கிறேன். ஒரே நேரத்தில் ஆறு சாடிகள் மட்டும், அதுவும் தெருப்பக்க யன்னலில். ஒவ்வொன்றுடனும் பராமரிப்பு முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய துண்டு ஒன்றைக் கொடுக்கிறேன். வெயில் வராத வீடு என்று சொல்பவருக்கு, "இது உங்களுக்குச் சரிவராது" என்று வேறு சாமானைக் காட்டுகிறேன். விற்பனை முன்னைவிடக் குறைவுதான். ஆனால், அழுகிய செடியோடு எவரும் படியேறவில்லை. அன்று பணத்தைத் திரும்பப் பெற்றவர்களில் நால்வர் இன்றும் என் வாடிக்கையாளர்கள்.