மொய்ராங் நினைவகமும் மறந்த தண்டவாளமும்

மணிப்பூரில் லோக்டாக் ஏரியை ஒட்டி மொய்ராங் என்றொரு சிற்றூர் உள்ளது. ஜப்பானியப் படையுடன் தோளோடு தோள் நின்று ஆங்கிலேயரை எதிர்த்த நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்திற்கு அங்கே ஓர் அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. கடிதங்களும் புகைப்படங்களும் பதவிச் சின்னங்களும் அதில் பேணப்பட்டு வருகின்றன.

1944 ஏப்ரல் 14 அன்று அவ்வூரில் மூவர்ணக் கொடியை ஏற்றியவர், பகதூர் படைப்பிரிவைச் சேர்ந்த கர்னல் ஷௌகத் அலி மாலிக். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் எனப் பொருள்படும் இத்திஃபாக், இஃதிமாத், குர்பானி என்ற உருதுச் சொற்களே அந்த ராணுவத்தின் குறிக்கோள். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பலரும் அதில் சேர்ந்திருந்தனர்.

ஆயின், அதே தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதை அமைப்பதற்காக ஜப்பானியர் கொண்டுசென்ற தமிழர்கள் ஆயிரமாயிரம் பேர், 1943ஆம் ஆண்டில் பசியாலும் காலராவாலும் மாண்டனர் என்பதும் வரலாறே.

போர்க்கால நட்பைப் போற்றும் நாம் அந்த இழப்பை மறைத்தல் நீதியாகாது. நெய்வேலியில் எம்மிடம் ஓதும் சிறார்க்கு ஷௌகத் மாலிக்கைப் பற்றிக் கூறும்போது, தண்டவாளத்தருகே மடிந்தோரையும் சேர்த்தே கூறி வருகிறோம். நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் எடுத்துரையுங்கள்!