வங்குரோத்துக்கு முன்னால் ஒரு கோடு

கண்டி, கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு தனித்திருக்கும் ஒரு தாய், கடன் தாங்காமல் "வங்குரோத்து அறிவித்துவிடலாமா?" என்று கேட்டால் அதில் வியப்பு ஒன்றுமில்லை. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. பிறகு விலை ஏறும் வேகம் குறைந்தது, ஏறிய விலை பெரும்பாலும் ஏறியபடியே நின்றது. அரிசிக்கும் பால்மாவுக்கும் அப்போது வாங்கிய கடனை இன்னும் சுமக்கும் வீடுகள் உண்டு. இதற்கு நடுவில் ரொறன்ரோவிலிருந்து அக்கா பேசுவார்: "இங்க கஷ்டமென்றால் பாங்க்ரப்சி போட்டிருவாங்க. நீயும் போடேன்."

அக்கா சொல்வது கனடாவுக்குச் சரி. அங்கே முதல் தடவை வங்குரோத்தாகிறவர், வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டாவிட்டால், வழக்கமாக ஒன்பது மாதத்தில் விடுவிக்கப்படுகிறார். ஆனால் அந்த மாதங்களில் வரவு செலவு அறிக்கையை மாதாமாதம் வங்குரோத்தைக் கையாளும் பொறுப்பாளரிடம் கொடுத்தே ஆகவேண்டும். பிள்ளைக்குக் கட்டவேண்டிய பராமரிப்புப் பணத்தை வங்குரோத்து அழிப்பதும் இல்லை. இந்த இரண்டு விடயங்களையும் அக்கா தொலைபேசியில் சொல்லியிருக்கமாட்டார்.

இலங்கையில் கதை வேறு. இங்கே தனியாளுக்கான சட்டம் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க கடனிறுக்க வகையற்றோர் கட்டளைச் சட்டம். கடனுக்காக ஆளைச் சிறையில் போட்ட காலத்தில், வணிகர்களை மனதில் வைத்து ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும். சொத்து நீதிமன்றம் நியமிக்கும் ஒருவரின் கைக்குப் போகும். கடன் கொடுத்தவர்கள் கூடுவார்கள், கடனாளி விசாரிக்கப்படுவார். தவிர்க்க முடியாத நட்டத்தால் கடனாளி ஆனவரா, தன் பிழையால் ஆனவரா என்று பார்த்து முதலாம், இரண்டாம், மூன்றாம் தரம் என்று சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. விடுவிக்கப்படாத வங்குரோத்துக்காரர் பாராளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரை. தையல் தொழிற்சாலைச் சம்பளத்தில் வாழும் ஒருவருக்கு அந்தத் தடையால் ஒன்றும் குறையாது; வழக்குச் செலவும் இழுபறியும்தான் பாரமாகும். சுருக்கமாக, இங்கே குழுக்கடனிலும் லீசிங்கிலும் சிக்கிய குடும்பம் போய்த் தட்டும் கதவாக அந்தச் சட்டம் இல்லை.

அந்தக் கதவு நாளைக்கே அகலத் திறந்தாலும் உங்கள் வீட்டுக் குறை தீருமா என்பதுதான் முதலில் பார்க்கவேண்டியது. அதற்கு ஒரு கொப்பியும் ஒரு கோடும் போதும். கோட்டுக்கு மேலே, கடனைத் தொடாமல், வீடு ஓட ஒரு மாதத்துக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். கோட்டுக்குக் கீழே கடன் தவணைகள். இரண்டையும் கலந்து எழுதுவதால்தான் மாதக் கடைசியில் எல்லாமே கடன் போலத் தெரிகிறது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பல்லேகலைப் பக்கம் வேலை, மேலதிக நேரமும் சேர்த்துக் கைக்கு வருவது 48,000 ரூபாய். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 என்பதை நினைத்தால் இது மோசமான சம்பளமும் அல்ல. வாடகை 15,000, சாப்பாடு 26,000, கரண்டும் தண்ணீரும் 3,500, கேஸ் 3,700, பாடசாலை வேன் 6,000, டியூசன் 4,000, பஸ் 3,500, போன் 1,500, மருந்து 2,000. கூட்டினால் 65,200. கோட்டுக்கு மேலேயே 17,200 குறைகிறது. கீழே வாரக் கடன், அடகு வட்டி, மீற்றர் வட்டி (மீற்றர்போல் ஏறும் தனியார் கடுவட்டி) எல்லாம் சேர்த்து 18,000. மொத்தக் குறை 35,200.

இப்போது ஒரு மந்திரக்காரர் வந்து கடன் முழுவதையும் அழித்துவிட்டார் என்று வையுங்கள். அடுத்த மாதமும் 17,200 குறையும். அதை நிரப்பப் புதுக் கடன் வரும். ஆறு மாதத்தில் கோட்டுக்குக் கீழே பழைய கூட்டம் திரும்பக் குடியேறிவிடும். பிரிந்து வாழும் பெரும்பாலான பெற்றோரின் சிக்கல் இந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இரண்டு பேர் சேர்ந்து கட்டிய வாடகையையும் வேன் காசையும் ஒரு சம்பளம் சுமக்கிறது. அது கடன் பிரச்சினை அல்ல, வரவேண்டிய வருமானம் வராத பிரச்சினை.

அந்த வருமானத்தின் பெயர் பராமரிப்பு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். கண்டியில் வசிப்பவர் கண்டியிலேயே வழக்கைப் போடலாம். விவாகரத்து ஆகியிருக்க வேண்டியதில்லை, பிரிந்திருந்தால் போதும். பெற்றோர் மணமுடிக்காதிருந்தாலும் பிள்ளைக்கு உரிமை உண்டு. 18 முதல் 25 வயது வரையிலான, தன்னைத் தானே பராமரிக்க முடியாத பிள்ளைக்கும் கேட்கலாம். சட்டம் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை: மனைவி வெளிநாடு போய்ப் பணம் அனுப்பாதிருந்தால், பிள்ளைகளை வளர்க்கும் தகப்பனும் கேட்கலாம். முஸ்லிம்களுக்கு இந்தக் கோரிக்கை காதி நீதிமன்றத்துக்குப் போகும்; அக்குறணைப் பக்கத்து வாசகர்களுக்கு இது தெரிந்ததுதான்.

தொகையை நீதவான் எப்படித் தீர்மானிக்கிறார்? பெற்றோரின் வருமானத்தையும் பிள்ளையின் தேவையையும் பார்த்து. தேவை என்றால் "செலவு அதிகம் ஐயா" என்று சொல்வது அல்ல. வேன்காரரின் பற்றுச்சீட்டு, டியூசன் அட்டை, மருந்துத் துண்டு, வாடகை உடன்படிக்கை: கோட்டுக்கு மேலே எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு கடதாசி. மூன்று மாதம் எழுதிய கொப்பியின் எடை வாய்ப்பேச்சுக்கு வராது. உத்தரவு வந்தபின் கட்டாமல் விட்டால், சம்பளத்தில் கழிக்கச் சொல்லி வேலைகொடுப்பவருக்கே கட்டளை அனுப்பலாம். சிறை வரைக்கும் போகலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கணவன் மனைவி சம்மதத்தோடு பிரிந்து வாழ்கிறார்கள் என்றால் வாழ்க்கைத்துணைக்குப் பராமரிப்பு கிடையாது என்று அதே சட்டம் சொல்கிறது. பொலிஸில் முறைப்பாடு சமாதானமாக முடியும் நாளில், "இருவரும் விரும்பிப் பிரிகிறோம்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் இருக்கிறது. களைத்துப்போய்ப் போட்ட அந்தக் கையெழுத்து பிறகு உங்கள் முன் வந்து நிற்கும். சட்டத்தரணியிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவின் கண்டி நிலையத்திலோ கேட்காமல் அப்படி எதிலும் ஒப்பமிட வேண்டாம். நல்லவேளை, பிள்ளையின் உரிமையை அந்த வரி தொடாது.

அடுத்தது அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும. 2025 முதல் வறியவர் பிரிவுக்கு மாதம் 10,000 வரை, மிக வறியவருக்கு 17,500 வரை. பிரிந்தவர்கள் இதில் தவறவிடுவது ஒன்றே: பதிவில் இன்னும் பழைய குடும்பம், பழைய வீடு, கணவரின் முச்சக்கரவண்டி எல்லாம் நிற்கும். கிராம உத்தியோகத்தரிடம் போய்த் தனிக் குடும்பமாகப் பதிவை மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் முதல் வேலை. அவர் தரும் வதிவிடக் கடிதம் பாடசாலைக்கும் நீதிமன்றத்துக்கும்கூட உதவும்.

செலவைக் குறைப்பது பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இந்த நிலையில் இருக்கும் தாய்க்குச் சிக்கனம் கற்பிக்க யாரும் தேவையில்லை. ஒன்று மட்டும்: வீட்டு உரிமையாளரும் நீங்களும் ஒரே கரண்ட் மீற்றரில் இருந்தால் அதைக் கவனியுங்கள். வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகு தாண்டினால் கணக்கிடும் முறையே மாறி நிலையான கட்டணமும் கூடும். இரண்டு சிறு குடும்பங்கள் ஒரு மீற்றரில் சேர்ந்தால் இருவருமே பெரும் பாவனையாளர் விலையைக் கட்டுகிறார்கள். இன்னொன்று வருடச் செலவு. ஜனவரியில் சப்பாத்து, புத்தகப்பை, கொப்பிகள். பிறகு பொங்கல், தீபாவளி அல்லது பெருநாள். இவை எதிர்பாராத செலவுகள் அல்ல, வருடா வருடம் அதே மாதத்தில் வருபவை. அவற்றைப் பன்னிரண்டால் வகுத்து மேல்பகுதியில் ஒரு வரியாகப் போடாவிட்டால், ஜனவரி வாரக் கடன் நிச்சயம்.

இனிக் கோட்டுக்குக் கீழே. யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கட்டுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. வாசலில் வந்து நிற்கும் வாரக் கடன்காரருக்குக் கொடுத்துவிட்டு, மௌனமாகக் கடிதம் மட்டும் அனுப்பும் வங்கியை மறந்துவிடுவோம். வீட்டை ஈடு வைத்திருந்தால் மௌனமானவர்தான் ஆபத்தானவர்: 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் பெரிய கடன்களில் வங்கிக்கு நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விட அதிகாரம் கொடுக்கிறது. பராட்டே என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 2024இல் அது சிறிது காலம் இடைநிறுத்தப்பட்டது. அந்த இடைநிறுத்தத்தை நம்பி இருக்க முடியாது. ஆகவே கூரை முதலில், உழைக்கும் வண்டி இரண்டாவது. கைமாற்றும் கடைக்கணக்கும் பிறகு.

மீற்றர் வட்டிக்காரர் தனி இனம். அவர் பெரும்பாலும் எழுதாத செக்கில் கையெழுத்து வாங்கி வைத்திருப்பார். பணமில்லாமல் திரும்பிய காசோலை இந்நாட்டில் வெறும் சிவில் கடன் அல்ல, 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டத்தின்படி குற்றம். அவரிடம் கடன் இன்னும் எடுக்கவில்லையென்றால் எடுக்காதீர்கள். எடுத்தாயிற்றென்றால் அந்தச் செக்கை மீட்பதற்கு எல்லாவற்றுக்கும் முன்னுரிமை கொடுங்கள். வட்டி அநியாயமாக இருந்தால் கொடுக்கல் வாங்கலை மறுபடி திறந்து பார்க்க 1918ஆம் ஆண்டின் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டம் நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

தனியார் ஒருவரிடம் காணியையோ வீட்டையோ ஈடு வைத்திருந்தால், அல்லது "பணம் தந்தால் திருப்பி எழுதித் தருவேன்" என்ற நிபந்தனையோடு அறுதி எழுதிக் கொடுத்திருந்தால், கடன் இணக்க சபை இருக்கிறது. 1941ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. வங்குரோத்துச் சட்டத்தைவிட நம் ஆட்களுக்கு இது எவ்வளவோ பயன்படும், ஆனால் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள் அதிகம். முக்கிய நிபந்தனை நேரம்: நிபந்தனை அறுதியென்றால், மீட்பதற்கு உறுதியில் எழுதிய காலம் முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் சபை எடுக்காது.

அடகு நகை பற்றி என் கருத்து சிலருக்குக் கசக்கும். கோட்டுக்கு மேலே குறை இருக்கும்வரை, மீட்கவே முடியாத நகைக்கு வருடக்கணக்கில் வட்டி கட்டுவதைவிட, இன்றைய தங்க விலையில் மீட்டு விற்று, அடகையும் மீற்றர் வட்டியையும் ஒரே நாளில் மூடுவது நல்லது. தாலிக்கொடி என்றால் மனம் வராது. வங்கிக் கணக்காளருக்கு அது பவுன் கணக்கு மட்டுமே.

பிரிந்தவர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி: "அவர் எடுத்த கடனுக்கு நான் கட்ட வேண்டுமா?" மனைவி என்பதற்காக மட்டும் இல்லை. 1923ஆம் ஆண்டின் திருமணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட மனைவியின் சொத்தை அவளுடையதாகவே வைத்திருக்கிறது. ஆனால் பிணைக் கையெழுத்துப் போட்டிருந்தால், கூட்டாக எடுத்திருந்தால், நீங்களும் கடனாளிதான். பிரிவு வங்கியைக் கட்டுப்படுத்தாது. எதில் பெயர் இருக்கிறது என்று ஞாபகமில்லையா? கடன் தகவல் பணியகத்திடம், கிரிப் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும், உங்கள் சொந்த அறிக்கையைக் கேட்டு வாங்கலாம். அதைப் பார்க்காமல் கோட்டின் கீழ்ப்பகுதியை முடித்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

பிறகு கொப்பியோடு வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ போங்கள், தவணை தவறிய பிறகல்ல, தவறும் முன். "கஷ்டமாக இருக்கிறது" என்பதற்குப் பதில், "மாதம் 7,000 கட்ட முடியும், அதற்கேற்பக் காலத்தை நீட்டுங்கள், இதோ கணக்கு" என்று எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். மறுமொழி வராவிட்டாலும், வசூலிப்பவர் மரியாதை தவறினாலும், மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு முறையிடலாம். குழுக்கடனில் மற்றப் பெண்களும் பிணை நிற்பதால், அவர்களுக்கு முதலில் சொல்லிவிடுங்கள். நிறுவனத்தை விட அக்கம்பக்கத்துக் கோபம்தான் நெடுநாள் நிற்கும்.

பணம் கட்டவேண்டிய தரப்பில் இருப்பவருக்கும் இதே கோடு பொருந்தும். லீசிங் கட்டுகிறேன், ஆகவே பிள்ளைக்குக் கட்ட முடியாது என்று நீதவானிடம் சொல்லும் தகப்பன், கீழே எழுதவேண்டியதை மேலே எழுதியிருக்கிறார். மறுபுறம், பெருமைக்காக 25,000 என்று ஒப்புக்கொண்டு இரண்டாம் மாதமே நிறுத்துவதும் பிழை. வேலை போனால், வருமானம் விழுந்தால், நிலுவை மலையாகும் முன்பே அதே நீதிமன்றத்தில் தொகையை மாற்றித்தரக் கேட்கலாம். அதுபோல, பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போய்ச் செலவு கூடினால், கூட்டித் தரும்படி தாயும் கேட்கலாம். இரண்டு மனுவுக்கும் சேர்க்க வேண்டியவை ஒன்றே: சம்பளத் துண்டு, மூன்று மாதக் கணக்கு, பற்றுச்சீட்டுகள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்.