பழைய மெழுகும் புதிய மினுக்கமும்

மொறிஸ் மைனர் மோட்டார் வண்டியின் உற்பத்தி 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நின்றுவிட்டது. ஆயினும் அவ்வண்டிகளுட் பல இன்றும் இலங்கைத் தெருக்களில் ஓடக் காணலாம். உடையவர்கள் அவற்றைப் பிள்ளையைப்போற் பேணுகின்றனர். அவ்வன்பே சில வேளைகளில் வண்டியின் மேனிக்குக் கேடாய் முடிகின்றது. வண்டி மங்கினால் மெழுகு பூசுவர். மீண்டும் மங்கினால் பழையதன் மேலேயே புதியதைப் பூசுவர். ஈற்றில், வர்ணமே செத்துவிட்டதென எண்ணி, உராய்வுப் பசையை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவர். தேய்க்குந்தோறும் வர்ணம் மெலிகின்றது, போனது மீளாது. விளிம்புகளிலேதான் அடிப்பூச்சு முதலில் வெளிப்படும். பின்னர் துரு ஏறும்.

பல வேளைகளில் மங்கியது வர்ணமன்று, அதன் மேலுள்ள மெழுகே.

இம்மெழுகுகளுட் பெயர்பெற்றது கார்னோபா. வடகிழக்குப் பிறேசிலில் வளரும் ஒரு மரத்திலிருந்து அது கிடைக்கின்றது. நமது பனையைப்போல விசிறியோலை கொண்ட அம்மரம், கடுங்கோடையில் ஈரம் வற்றாதிருக்கத் தன் ஓலைமீது மெழுகைப் படரவிடும். ஓலையை வெட்டி உலர்த்தி அடிக்க, மெழுகு தூளாய் உதிரும். அது நீரிற் கரையாது. மழையைத் தாங்குவதும் அதனாலேயே. வெறும் நீராற் கழுவி நீக்க முடியாதிருப்பதும் அதனாலேயே. நாளடைவில் தூசியும் புகைக்கரியும் அதிற் பதிந்து பழுப்பேறிக் கிடக்கும்.

அதனைத் தேய்த்தன்று, கரைத்தே நீக்கவேண்டும். வண்டியை நிழலில் நிறுத்தி, மேனி ஆறியபின், மணல் போகச் சவர்க்கார நீராற் கழுவி உலர்த்துக. மணல் இருக்கத் துடைத்தால் ஒவ்வொரு மணியும் ஒரு கீறலாகும். பின்னர், வர்ணக் கடைகளில் விற்கப்படும் மினரல் டர்பன்டைனில் மென்மையான பருத்தித் துணியை நனைத்து, முதலிற் கண்ணிற் படாத ஒரு மூலையிற் சோதித்துப் பார்க்கவேண்டும். துணியிற் பழுப்பு அழுக்கு வந்தால் அது மெழுகு. வண்டியின் நிறமே வந்தால் வர்ணந்தான் கழன்று வருகின்றது. அங்கே கையை நிறுத்திவிடவேண்டும். நிறமற்ற மேற்பூச்சுள்ள இக்கால வண்டிகளில் இவ்வாறு நிறம் வருவதில்லை.

சோதனை சரியாயின், ஈரடிச் சதுரமளவாகத் துடைத்து, உலருமுன் வேறொரு தூய துணியால் ஒற்றியெடுக்கலாம். துணியை அடிக்கடி புரட்டாவிடின் கரைந்த மெழுகு மறுபடியும் வண்டியிலேயே ஏறும். றப்பர்ப் பகுதிகளிற் தைலம் படலாகாது. அது தீப்பற்றக் கூடியதாதலின் அடைத்த கொட்டகையில் இவ்வேலை வேண்டாம். தின்னரையோ அறவே தவிர்க்கவேண்டும். பழைய செலுலோஸ் வர்ணத்தை அது கரைத்துவிடும்.

மறுபடி சவர்க்கார நீராற் கழுவியபின், தூய நீரை ஊற்றிப் பார்க்குக. நீர் மணிமணியாய்த் திரண்டால் மெழுகு எஞ்சியுள்ளது; படலமாய்ப் பரந்தால் மேனி வெறுமையாகிவிட்டது. வெறுமையான மேனிக்குக் காவலில்லை. ஆதலின் உலர்ந்த அன்றே புதிய மெழுகை மிக மெல்லியதாகப் பூசிவிடவேண்டும். உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களில் மறுநாளுக்கென வைத்தல் ஆகாது.