வண்டியின் அடிச்சட்டமும் துருத் தடுப்புப் பூச்சும்

மோட்டார் வண்டி வாங்கச் செல்வோர் பெரும்பாலும் அதன் நிறத்தைப் பார்ப்பர்; ஆசனங்களைப் பார்ப்பர்; இயந்திரத்தை ஓடவிட்டு அதன் ஒலியைக் கேட்பர். குனிந்து அடிப்பாகத்தை நோக்குவோர் சிலரே. ஆயினும் லொறி, பஸ் முதலிய வண்டிகளில் இயந்திரத்தையும் ஏற்றிய பாரத்தையும் ஏறியிருக்கும் மனிதரையும் ஒருங்கே தாங்கி நிற்பது அடியிலுள்ள உருக்குச் சட்டமே. கராஜ்களில் ‘சேசி’ என வழங்கும் இவ்வடிச்சட்டத்தில் துருப்பிடித்தால் எப்பூச்சைத் தெரிந்தெடுப்பது என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் துரு பிறக்கிறது. உப்பு அவ்வினையை மிகவும் விரைவுபடுத்துகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து வைத்திருப்பதோடு, அவ்வீரத்தில் மின்னோட்டம் எளிதிற் செல்லவும் வழிசெய்கிறது. மன்னார், பருத்தித்துறை, திருகோணமலை போன்ற இடங்களில் கடற்காற்றிலே நிற்கும் வண்டிகளுக்குத் துருவின் தொல்லை மிகுதியாயிருப்பது இதனாலேயே. ஜப்பானில் ஓடியபின் இங்கு வந்திறங்கிய வண்டிகளிலும் இதனைக் காணலாம். அந்நாட்டிற் பனி மிகுந்த பகுதிகளில், வீதியிற் பனி உறையாதிருக்க உப்புத் தூவுவது வழக்கம். சில்லுகளால் வாரியடிக்கப்படும் அவ்வுப்பு அடிச்சட்டத்தின் மூலைகளிற் படிந்துவிடுகிறது.

துருவுக்கு இன்னுமொரு தீய குணம் உண்டு. அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஒட்சைட்டுப் படலம் உலோகத்தை இறுகப் பற்றி நின்று காக்கும். இரும்பின் துருவோ தான் தோன்றிய இரும்பிலும் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, பொருக்குப் பொருக்காகப் பெயரும். பெயர்ந்த இடத்திற் புது இரும்பு வெளிப்பட, அதுவும் துருவாகும். பூச்சின் கீழே இது நிகழுமாயின், பூச்சு உப்பி வெடிக்கும். ஆகவே ஒரு பூச்சின் ஆயுள் பேணியின் மேல் எழுதியிருக்கும் பெயரைக் காட்டிலும், அதன் கீழேயுள்ள இரும்பின் நிலையையே பொறுத்தது.

அந்நிலையை அறிவது எங்ஙனம்? சேற்றைக் கழுவியபின், சிறு சுத்தியலால் சட்டத்தை மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல உருக்குக் கணீரென ஒலிக்கும். இற்றுப்போன உருக்கு மந்தமாக ஒலிக்கும், சிலவேளை உட்குழியும். குழிந்தாலோ, துளை விழுந்தாலோ, தகடு மெலிந்திருந்தாலோ அங்கே பூச்சுக்கு வேலையில்லை. அப்பகுதியை வெட்டியெடுத்துப் புது உருக்கை ஒட்டுவிக்க வேண்டும். அல்லது சட்டத்தையே மாற்ற வேண்டும். பாரந்தாங்கும் உறுப்பாதலால், இது தேர்ந்த தொழிலாளரே செய்யத்தக்க வேலை.

உருக்கு உறுதியாயிருப்பின், நன்னீரால் உப்பைக் கழுவி, எண்ணெய்ப்பசையைப் போக்கி, பெயரும் துருவைச் சுரண்டியாலும் கம்பித் தூரிகையாலும் நீக்கி, நன்கு உலரவிடுங்கள். இனிப் பூச்சுகளைப் பார்ப்போம்.

பளபளக்கும் வெற்றுருக்குத் தெரியுமளவுக்குத் துப்புரவாக்க முடிந்த இடத்திற்கு நாகத்தூள் மிகுந்த அடிப்பூச்சு மிக நன்று. நாகம் தான் முதலில் அழிந்து இரும்பைக் காக்கும். 1824இல் ஹம்பிரி டேவி என்ற அறிஞர் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க நாகத்தையும் இரும்பையும் பொருத்தலாமெனக் காட்டியதும் இவ்வியல்பு பற்றியே. ஆனால் நாகம் இரும்பை நேரே தொட்டால்தான் இக்காவல் நிகழும். துருவின் மேற் பூசிய நாகம் பெரும்பாலும் வீணே.

மெல்லிய துரு இறுகப் பற்றி நிற்கும் இடத்தில், பொசுபோரிக்கமிலமோ தனிக்கமிலமோ கலந்த துருமாற்றி உதவும். தனிக்கமிலம் துருவைக் கருநீலச் சேர்வையாக மாற்றுகிறது. தடித்த பொருக்கை இவை ஊடுருவமாட்டா. துருமாற்றியே முடிவான பூச்சுமன்று. அதன் மேல் வேறு பூச்சுப் பூசவேண்டும்.

இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் எப்பொட்சிப் பூச்சு நீரையும் காற்றையும் நன்கு தடுக்கும். வெயிலில் அது மங்கிப் பொடியாகுமெனினும், அடிச்சட்டம் நிழலிலிருப்பதால் அக்குறை பெரிதன்று. காற்றின் ஈரத்தாலேயே இறுகும் யூரித்தேன் பூச்சும் உண்டு. அதன் ஆவி சுவாசத்திற்குத் தீங்கானது; தக்க மூச்சுக்கவசமும் கையுறையும் இன்றி அதனைத் தொடலாகாது. முற்காலத்தில் ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த செவ்வீயம் பெரும் புகழ் பெற்றிருந்தது. ஈயம் நஞ்சாதலின் அதனை விட்டு, நாக பொசுபேற்று அடங்கிய அடிப்பூச்சை நாடுவதே அறிவுடைமை.

தார்ப்பூச்சைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். தூய உருக்கிற் பூசிய அடிப்பூச்சின் மேல் அது கல்லடியைத் தாங்கும். துருவின் மேற் பூசினாலோ, நாளடைவில் இறுகி வெடித்து, வெடிப்பினூடே புகுந்த நீரை உள்ளேயே சிறைப்படுத்திவிடும். வெளியே கருமை மினுங்க, உள்ளே இரும்பு கரையும். விற்பனைக்கு நிற்கும் பழைய வண்டியொன்றின் அடிப்பாகம் மட்டும் புதுத்தாரில் மினுங்கினால், மகிழாது தட்டிப் பாருங்கள்.

தூரிகை புகாத குழாய்ச் சட்டங்களின் உட்புறத்திற்கு மெழுகு அல்லது ஆட்டுரோமக் கொழுப்பு அடங்கிய திரவத்தைப் பீச்சுவது நலம். அது இறுகாமல் இடுக்குகளுள் ஊர்ந்து செல்லும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் எளிது. பாவித்துக் கழித்த இயந்திர எண்ணெயைப் பூசுவோர் உளர். அது இறப்பர் உறுப்புகளைக் கெடுக்கும், நிலத்தையும் நீரையும் மாசுபடுத்தும், தோலுக்கும் தீங்கானது.

எப்பூச்சாயினும் தடுப்புக் கருவிகளிலும் இறப்பர்க் குழாய்களிலும் புகைபோக்கியிலும் படாமற் காக்க வேண்டும். நீர் வடியும் துளைகளை அடைத்துவிடலாகாது.

ஆண்டுக்கொருமுறை, வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், அடிப்பாகத்தைக் கழுவிச் சோதித்துச் சிறு கீறல்களை உடனே மூடிவிடுவது சிறந்தது. பூச்சு இரும்பைக் காப்பதற்கேயன்றி, இரும்பின் குறையை மறைப்பதற்கன்று. குறை மறைந்த வண்டியிலே ஏறிச் செல்வோர், தாம் எதன் மேல் அமர்ந்திருக்கின்றோம் என்பதை அறியார்.